முதல் மாப்பிள்ளையின் இறப்புச் சான்று

9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

யுவராணி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கத்தியது கோம்பை முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் அத்தைக்கு நிச்சயமாகக் கேட்டிருக்கும். உங்களுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. "கல்யாணம்ப்பா, எனக்குக் கல்யாணம்" என்று நான் தொண்டை கிழியச் சொல்கிறேன், நீங்கள் "கல்லுக்காலா? வேலிக்கு அதெல்லாம் போன மாசமே ஊண்டியாச்சு ஆத்தா" என்கிறீர்கள். அப்புறம் "சரி, வச்சிரு" என்று வைத்துவிட்டீர்கள். நான் அனுப்பிய காது மிஷின் இன்னும் பெட்டியோடு பீரோவில்தானே இருக்கிறது?

அதனால் எழுதுகிறேன். நான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். பெயர் ரொமுலோ. பிலிப்பைன்ஸ்காரர். நான் நர்ஸாக இருக்கும் இதே முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. வயது நாற்பத்தைந்து. மனைவி நோயில் இறந்து ஆறு வருடமாகிறது. பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டார். எனக்குச் சளி பிடித்திருந்த வாரம் யாரிடமும் கேட்காமல் மிளகு போட்டு ஒரு கஞ்சி வைத்து அறை வாசலில் மூடி வைத்துவிட்டுப் போனார். இதற்கு மேல் அவரைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இந்தத் தீவு எங்கள் இரண்டு பேருக்குமே சொந்த ஊர் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் மூன்றாவது நாட்டில் கல்யாணம் செய்வதென்றால் இங்கே கேள்வி அதிகம். ஊரில் ஏற்கெனவே ஒரு புருஷனோ பெண்டாட்டியோ இல்லை என்று எங்கள் ஊர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது என் பிறப்புச் சான்றிதழ், உத்தமபாளையம் தாலுகா ஆபீஸில் தரும் மணமாகாதவர் சான்று, 'என் மகளுக்கு இதுவரை எந்த முறையிலும் திருமணம் நடக்கவில்லை' என்று நீங்கள் நோட்டரி முன்னால் செய்யும் சத்தியப் பிரமாணம். மூன்றிலும் மத்திய அரசின் வெளியுறவு முத்திரை விழ வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் பெயரை ஒரு பலகையில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம். யாரும் சொல்லாவிட்டால் இரண்டு சாட்சியோடு போய்க் கையெழுத்துப் போடலாம்.

ஜூன் கடைசியில் அவருக்கு வேலை அனுமதி முடிகிறது. அதற்குள் கல்யாணம் முடிந்தால் என் வேலையை வைத்து அவர் இங்கே தங்கலாம். முடியாவிட்டால் ஊருக்குப் போய்விடுவார். போனால் திரும்பி வருவது கஷ்டம்.

இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது அப்பா. வேலை முடிந்து அறைக்கு வந்து சாவியை மேசையில் போட்டால் அந்தச் சத்தம்தான் என்னை வாங்கம்மா என்று கேட்கிறது. எனக்குப் போதும் போதும் என்று இருக்கிறது.

மகள்,
யுவராணி

*

கோம்பை
26.2.2025

யுவராணிக்கு,

நான் இருக்கிறேன். நாய் இருக்கிறது. காற்றுக்குச் சாய்ந்தது போக மீதி வாழை இருக்கிறது.

கல்யாணம் என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். செவிடனுக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள ஒரு மிஷின் அனுப்பியிருக்கிறாய்.

ஒரு மாப்பிள்ளையைத் தேட உன் அம்மாவும் நானும் பெரியகுளம் முதல் கூடலூர் வரை செருப்புத் தேய அலைந்தோம். கடைசியில் பூமிக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் சமையல் கட்டில் கிடைத்திருக்கிறார். அவர் சாமி வேறு, நம் சாமி வேறு. பேச்சு வேறு. என்னிடம் அவர் வந்து நின்றால் நான் என்ன பேசுவேன்? அவர் பேசினாலும் எனக்குக் கேட்காது, அது ஒன்று சௌகரியம்.

கல்யாணம் என்றால் இங்கே வந்து செய். குச்சனூர் கோயிலில் வைத்துச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஊரில் இதுவரை யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன். சந்தனம்மாள் மட்டும் கேட்டுவிட்டாள். "மாப்பிள்ள சோறு திம்பாகளா, இல்ல ரொட்டிதானாண்ணே?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கிறாள். வெளியே சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பேப்பருக்கு அலைகிறேன். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. பெற்ற மகள் கேட்ட பேப்பரை வாங்கிக் கொடுக்காதவன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

கருத்தக்கண்ணன்

*

10 மார்ச் 2025

அப்பாவுக்கு,

கடிதத்தின் அடியில் 'அப்பா' என்று போடாமல் பேர் போட்டிருக்கிறீர்கள். தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதிய பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அங்கே வந்து செய்ய முடியாது. வேலை அனுமதி முடியும் நேரத்தில் அவர் தீவை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். இதைத்தான் போனிலும் சொன்னேன். கேட்டதா இல்லையா என்று இனி உங்களை நம்ப முடியாது.

அவர் சோறு சாப்பிடுவார். மூன்று வேளையும் சோறுதான். அத்தையிடம் சொல்லுங்கள். உங்களைப் பற்றி அவர் ஒன்றுதான் கேட்டார், அப்பா தனியாகவா சாப்பிடுகிறார் என்று. ஆமாம் என்றேன்.

பேப்பருக்கு நன்றி.

யுவராணி

*

கோம்பை
7.4.2025

யுவராணிக்கு,

மூன்று பேப்பரும் இதோடு இருக்கின்றன. சென்னைக்கு அனுப்பி முத்திரையும் வாங்கியாகிவிட்டது. பத்திரமாகப் பிரி.

மணமாகாதவர் சான்றுக்கு வி.ஏ.ஓ. வைகுண்டராஜ் விசாரணைக்கு வரச் சொன்னார். ஆபீஸில் பட்டாவுக்கு வந்த கூட்டம் நிற்கிறது. எனக்குக் காது கேட்காது என்று அவருக்குத் தெரியும், அதனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கிறார், "ஐயா, ஒங்க மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?" அத்தனை பேர் தலையும் திரும்பியது. "ஆகல" என்றேன். "சத்தமாச் சொல்லுங்கய்யா." "ஆகலய்யா, ஆகல." ஒரு தகப்பன் முப்பத்தேழு வயது மகளைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? வெளியே வந்து சைக்கிளை எடுத்தவன் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

சத்தியப் பிரமாணத்துக்கு உத்தமபாளையம் சங்கரலிங்கம் வக்கீலிடம் போனேன். நீ அனுப்பிய வாசகத்தை அவர் வாசித்துக் காட்டினார். 'எந்த முறையிலும், எந்தச் சடங்கின்படியும் திருமணம் நடக்கவில்லை' என்று இருந்தது. அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்து நாம் செய்ததை நடக்கவே இல்லை என்று எப்படிச் சத்தியம் செய்வது? நடந்ததை நடந்தது என்று ஒரு வரி சேர்த்து, அது அன்றைக்கே முடிந்துபோனது என்றும் எழுதச் சொன்னேன். இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தார்கள். இப்போது அதில் பொய் ஒன்றும் இல்லை.

கருத்தக்கண்ணன்

*

25 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

நேற்று ரொமுலோவும் நானும் திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். இந்த ஊரில் புடவை கட்டியது அதுதான் முதல் தடவை.

காகிதங்களைச் சரிபார்க்கும் அம்மாள் முதலில் ரொமுலோவுடையதை வாங்கினாள். அவர் தன் மனைவியின் இறப்புச் சான்றிதழை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அதைக் கொடுக்கும்போது அவர் கை உறையை உடனே விடவில்லை. பிறகு அந்த அம்மாள் என் காகிதங்களைப் படித்தாள். உங்கள் சத்தியப் பிரமாணத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள். "உங்கள் முதல் கணவருடைய இறப்புச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டாள்.

அந்த ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 2014இல் மதச் சடங்குப்படி யுவராணிக்கு ஒரு திருமணம் நடந்தது, அன்றைய தினமே அவர் வெட்டப்பட்டார், அத்துடன் அந்த உறவு முடிந்தது. வெட்டப்பட்டார்! யார் வெட்டியது என்று கேட்டாள். எங்கள் அப்பா என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் எழுந்து போய்ப் பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வாழை மரம் அப்பா! 'ரெண்டு தாலி யோகம் இருக்கு, மொதத் தாலி நெலைக்காது' என்று கெங்குவார்பட்டி ஜோசியர் சொன்னதற்காக நம் தோட்டத்துச் செவ்வாழைக்கு நான் மாலை போட்டு, அதன் பேரில் தாலி கட்டிக்கொண்டு, அரை மணி நேரத்தில் நீங்கள் அரிவாளால் அதை வெட்டிச் சாய்த்தீர்களே, அந்தக் கூத்தைத்தான் என் முதல் கல்யாணம் என்று நோட்டரி முத்திரையோடு அனுப்பியிருக்கிறீர்கள். இருபத்தாறு வயதில் ஈரத்துணியோடு நின்றது எனக்கே மறந்துபோயிருந்தது.

தாசில்தார் சான்றில் மணமாகாதவர், அப்பாவின் சத்தியத்தில் விதவை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மே மாதத்துக்கு வாங்கியிருந்த தேதி போய்விட்டது. நான் சொன்ன விளக்கத்தை அவர்கள் நம்பவில்லை. மரத்தோடு கல்யாணம் என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் ரொமுலோ, "உன் அப்பாவுக்கு இதில் விருப்பம் இல்லையோ?" என்றார்.

நேராகவே கேட்கிறேன். இதை வேண்டுமென்று செய்தீர்களா?

யுவராணி

*

கோம்பை
9.5.2025

யுவராணி ஆத்தாவுக்கு,

உன் கடிதத்தைத் தோட்டத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்க முடியவில்லை.

வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டிருக்கிறாய். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. வாழை என்ற வார்த்தையை நான் சொன்னேன். "கோர்ட்டுப் பேப்பர்ல வாழை மரம்னு எழுதுனா வெளிநாட்டுக்காரன் சிரிப்பான்யா" என்று வக்கீல்தான் அதை எடுத்துவிட்டார். இங்கிலீஷில் 'அது' என்பது 'அவர்' ஆகிப் போனது எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தேதி போய்விட்டது என்று படித்தபோது எனக்கு உடனே வருத்தம் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அவரோடு நிரந்தரமாக அங்கன தங்கிவிடுவாய், நான் செத்தால் போனில்தான் பார்ப்பாய், உன் அம்மாவைப் பார்த்த மாதிரி. அந்த நினைப்பு எனக்கு இருந்தது. வருத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

வந்தது அவர் கையில் இருந்த அந்த இறப்புச் சான்றுப் பேப்பரால். உன் அம்மாவுக்கு அந்தப் பேப்பரை வாங்க நானும் போனேன். கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண், "பேரு சரியா இருக்கா பாத்துக்கங்கய்யா" என்றாள். ராஜாத்தி, கணவர் பெயர் கருத்தக்கண்ணன். எல்லாம் சரியாக இருந்தது. ஏதாவது ஒரு எழுத்துத் தப்பாக இருந்தால் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதை நான் மடித்தது கிடையாது. அந்த மனிதரும் மடிக்காமல்தான் கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறார். அவர் பேச்சு எனக்குப் புரியாது என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடு. அவர் மனைவி பேர் என்ன என்று கேட்டு எழுது.

நீ மறந்துபோன மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மரத்தை வெட்டிச் சாய்த்த இடத்தில் பக்கக்கன்று வந்தது. பிடுங்கப் போனேன், உன் அம்மா விடவில்லை. "இருந்துட்டுப் போகுது, நம்ம மருமகன் வகையறா" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் போன பிறகு நானும் அதைத் தொடவில்லை. கன்றுக்குக் கன்று வைத்து இப்போது பெரிய குத்தாக நிற்கிறது. அதில் வரும் தாரை வியாபாரிக்கு வெட்டுவதில்லை. சாயந்திரம் மடை மாற்றிவிட்டு அதன் பக்கத்தில்தான் உட்காருவேன். இன்னைக்கு யுவராணி போன் பண்ணலப்பா என்று சொல்வேன். மாமனார் பேச்சை அது மறுத்துப் பேசினதில்லை.

முந்தாநாள் திரும்பவும் வக்கீலிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல எழுதும், ஒரு வார்த்தையையும் எடுக்கக்கூடாது என்றேன். 'மேற்படி சடங்கில் கணவர் எனக் குறிப்பிடப்பட்டது என் தோட்டத்தில் இருந்த செவ்வாழை மரம். அது மனிதர் அல்ல. அதை வெட்டியது கொலை அல்ல. இது எங்கள் பகுதியில் தோஷம் கழிக்கச் செய்யும் சடங்கு. இதைத் தவிர என் மகள் யுவராணிக்குத் திருமணம் எதுவும் நடக்கவில்லை.' டைப் அடிக்கிறவர் சிரித்துச் சிரித்து இரண்டு தாள் வீணாகிவிட்டது. "கோர்ட்டு வாசல்ல என்னைய இப்பிடிச் சிரிப்பாச் சிரிக்க வைக்கிறீகளே" என்று வக்கீலுக்குக் கோபம். சிரிக்கட்டும். மரம்தான் என்பதற்கு அந்தக் குத்தோடு நான் நிற்கிற போட்டோவும் வைத்திருக்கிறேன். சந்தனம்மாள் போனில் எடுத்தது. முத்திரை வாங்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அப்பா

*

3 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வாங்கிக்கொண்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அதே அம்மாள்தான். படித்துவிட்டு, "மரமா?" என்றாள். மரம் என்றேன். போட்டோவை எடுத்து நெடுநேரம் பார்த்தாள். "உங்கள் அப்பா ஏன் மரத்தின் தோளில் கை போட்டுக்கொண்டிருக்கிறார்?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முத்திரையைக் குத்தினாள். போட்டோவை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். அது இப்போது என் சாவி வைக்கும் மேசையில் இருக்கிறது.

போன கடிதத்தில் நான் எழுதிய வார்த்தைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அதை ரொமுலோவிடமும் காட்டினேன்.

அவர் மனைவி பெயர் லூர்தெஸ். நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து அந்தப் பேரை யாரும் கேட்டதில்லையாம், அலுவலகத்தில் மட்டும்தான் கேட்டார்களாம். அன்று இரண்டு பேருமாக லூர்தெஸைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் பெயரைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இங்கே குடும்பப் பேரைத்தான் முன்னால் போடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பேர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் உங்கள் பேர்தான் இருக்கிறது. அதனால் பெரிய எழுத்தில் கருத்தக்கண்ணன், அதற்குப் பின்னால் சின்னதாக யுவராணி. தூரத்திலிருந்து பார்த்தால் உங்களுக்குக் கல்யாணம் என்று நினைத்துக்கொள்வார்கள். வேலைக்குப் போகும் வழிதான், தினமும் நின்று படித்துவிட்டுப் போகிறேன். வேறு யாரும் நிற்பதில்லை. ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று போட்டிருக்கிறது. யார் சொல்வார்கள்? கல்யாணத்தைக் குறை சொல்லவும் நாலு சொந்தக்காரர்கள் வேண்டும் அப்பா. இங்கே எனக்கு அதற்குக்கூட ஆள் இல்லை.

ஜூன் 20, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. உங்களுக்கு அப்போது மத்தியானம் ஒன்றரை. சாட்சிக்கு ரொமுலோவோடு சமையல்கட்டில் இருக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். இரண்டாவது சாட்சி இன்னும் கிடைக்கவில்லை. என் பக்கத்து ஆள் ஒருவர் நிற்க வேண்டிய இடம் அது. யாரும் வராவிட்டால் அலுவலகத்திலேயே ஒருவரை நிற்கச் சொல்வார்களாம்.

நீங்கள் வர முடியாது என்று தெரியும். அன்றைக்கு மட்டும் தனியாகச் சாப்பிடாதீர்கள். அத்தை வீட்டில் சாப்பிடுங்கள்.

யுவராணி

*

கோம்பை
21.6.2025

யுவராணி ஆத்தாவுக்கும் மாப்பிள்ளை ரொமுலோவுக்கும்,

இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

நேற்று விடியவும் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அந்தக் குத்தில் தார் விட்ட மரம் இரண்டு இருந்தது. ஒரே மாதிரி உயரம், காய் நல்ல சிவப்பு. பதினொரு வருஷத்துக்கு அப்புறம் நேற்றுத்தான் அங்கே அரிவாள் வைத்தேன். வைக்கும்போது "போவமாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

இரண்டையும் டிராக்டரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று கட்டினேன். சந்தனம்மாள் மாவிலை கட்டிக் கோலம் போட்டாள். பந்தல் இல்லை, மேளம் இல்லை. மரம் மட்டும் தாரோடு நின்றது.

வாசலில் வாழை மரம் கட்டினால் சும்மா போவார்களா? முதலில் நம் தெருப் பாண்டியராஜன் வண்டியை நிறுத்தினான்.

"என்ன மாமா, விசேஷமா?"

"மகளுக்குக் கல்யாணம்."

"எங்கன?"

"அங்கனயே. தீவுல."

"மாப்பிள்ள எந்த ஊரு?"

"பிலிப்பைன்ஸ்."

அவன் கொஞ்சம் முழித்தான். "அப்ப நீங்க போகலையா மாமா?"

"வாசல்ல ஆளு வேணும்லடா" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னேன். வி.ஏ.ஓ. ஆபீஸில் 'ஆகல, ஆகல' என்று கத்திய அதே வாயால் இதையும் கத்தித்தான் சொன்னேன். சிலர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சந்தனம்மாள் கேசரி கிண்டிக் கொடுத்தாள். "மாப்பிள்ள சோறுதான் திம்பாகளாம்" என்று அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது.

ஒன்றரை மணிக்கு யாரும் இல்லை. வந்தவர்கள் போய்விட்டார்கள், அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பீரோவைத் திறந்து அந்தக் காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். அந்த நேரத்துக்கு உன் பேச்சு ஏதாவது காதில் விழாதா என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. ஆனிக் காற்று தெரிந்ததுதானே, வாழை இலை இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வருஷக்கணக்காகிறது ஆத்தா. மரம் இத்தனை பேசும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாவது சாட்சிக்கு ஆள் கிடைத்ததா என்று எழுது. கிடைக்காவிட்டாலும் கவலைப்படாதே. உன் பக்கத்துக்கு இங்கே வாசலில் இரண்டு பேர் கடைசிவரை நின்றார்கள்.

நாய் மரத்தடியில் படுத்திருக்கிறது. இலை வாடத் தொடங்கிவிட்டது. இன்னும் அவிழ்க்கவில்லை. நாளைக்கும் நாலு பேர் வந்து கேட்பார்கள், அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

அப்பா